"காலி" என்று தேடினால் எத்தனை சொல் வரும்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நாங்கள் நாலு பேர் சேர்ந்து எங்கள் பக்கத்துத் தமிழ், தெலுங்கு, உருதுச் சொற்களுக்கு இணையத்தில் ஒரு அகராதி போடுகிறோம். வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசுகிற பலருக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். அதனால் எல்லாச் சொல்லையும் தமிழ் எழுத்திலேயே ஏற்றிவிடலாமா?
– வாசகி, பேரணாம்பட்டு

பதில்: வேண்டாம். தமிழ் எழுத்தில் தேடுவதற்குக் கட்டாயம் வழி வையுங்கள், ஆனால் சொல்லை அதனதன் எழுத்தில்தான் சேமிக்க வேண்டும்.

"காலி"யை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் ஒன்றுமில்லாதது என்று பொருள். தெலுங்கில் காற்று, முதல் எழுத்தைக் கோவிந்தாவில் வருகிற மாதிரி சொல்ல வேண்டும். உருதுவில் மட்டும் மூன்று: கல்லில் வருகிற க போட்டால் கருப்பானவள், தொண்டையை உரசிச் சொன்னால் வெறுமை (நம் தமிழ்க் காலி வந்ததே இதிலிருந்துதான்), கோவிந்தாவின் க போட்டால் வசவு. ஆக ஐந்து சொல், தமிழில் எழுதினால் ஐந்துக்கும் ஒரே முகம். தெலுங்கிலும் உருதுவிலும் எழுதி வைத்திருந்தால் தமிழ் வடிவத்தை எப்போது வேண்டுமானாலும் உண்டாக்கிக்கொள்ளலாம், தமிழில் மட்டும் வைத்துவிட்டு நாளைக்கு ஐந்தையும் பிரிக்க நினைத்தால் எந்த மென்பொருளாலும் முடியாது.

ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று இடம் ஒதுக்குங்கள். முதலில் சொந்த எழுத்து. அப்புறம் தமிழில் உச்சரிப்பு. ஸ்தோத்திரப் புத்தகங்களில் க², க³ என்று எண் போட்டு அச்சடிப்பார்களே, அந்த முறை நம் வாசகர்களுக்குப் பழக்கமானது, தெலுங்குக் காற்றைக் கா³லி என்று காட்டிவிடலாம். மூன்றாவது, யார் கண்ணுக்கும் தெரியாத தேடல் வடிவம், அதில் எண்களை எல்லாம் எடுத்துவிட்டு வெறும் "காலி". ஒருவர் அதைத் தட்டினால் ஐந்தும் மொழிப் பெயரோடு வரட்டும். எது தன் வீட்டுச் சொல் என்று அவருக்குத் தெரியும்.

உருதுவுக்கு உச்சரிப்பை மென்பொருளிடம் விடாதீர்கள். குறில் உயிர்க் குறிகளையும் எழுத்து இரட்டிக்கும் குறியையும் அதில் பெரும்பாலும் எழுதுவதில்லை. நம் ஊர் உருதுவான தக்னியில் வேண்டாம் என்பதற்கு "நக்கோ" என்கிறார்களே, குறி போடாமல் எழுதினால் அதையே "நிகோ" என்றும் படிக்கலாம், அது நல்லது என்று பொருள்படும் பாரசீகச் சொல். அந்த மொழி பேசுகிற வீட்டில் ஒருவரை உட்கார வைத்துச் சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதுவதுதான் ஒரே வழி, நாள் பிடிக்கும், பிடிக்கட்டும்.

எனக்கும் தெலுங்கு பேச வரும், படிக்க வராது, என் பாட்டி சொன்ன சொற்கள் எல்லாம் காதில்தான் இருக்கின்றன. 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவானபோது வட ஆற்காட்டின் ஒரு பகுதி அங்கே போனது, ஆனாலும் தெலுங்கு குடியாத்தம் பக்கத்து வீடுகளில் இன்றைக்கும் இருக்கிறது. அதனால்தான் உங்கள் வேலையை இவ்வளவு அக்கறையாகப் பார்க்கிறேன்.

கேள்வி: ஓர் இணைய அகராதியில் நான் "கௌரவம்" தேடினால் வருகிறது, நண்பர் தேடினால் இல்லை என்கிறது. எழுத்து ஒரே மாதிரிதான் இருக்கிறது.
– வாசகர், குடியாத்தம்

பதில்: பார்க்க ஒரே மாதிரி, உள்ளே வேறு. நண்பர் கெ போட்டு அடுத்து ள தட்டியிருப்பார். கௌ என்பதில் வருகிற குறி ள என்ற எழுத்தே இல்லை.

இதோடு இன்னொன்றையும் குழப்பிக்கொள்கிறார்கள். கொ என்பதை ஒரே குறியாகவும் தட்டலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் தட்டலாம். இவை இரண்டும் ஒன்றே என்று, கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் எண் கொடுக்கிற யூனிகோட் விதியே சொல்கிறது, அதற்கான நார்மலைசேஷனை, அதாவது இரண்டையும் ஒரே வடிவமாக்கும் வேலையை, சேமிக்கும்போதும் தேடும்போதும் ஓட்டினால் தீர்ந்தது. கெள அப்படித் தீராது. சரி, எல்லாக் கெளவையும் கௌ ஆக்கிவிடலாம் என்று கிளம்பினால் கெளுத்தி மீன் மாட்டிக்கொள்ளும்! சேமித்த சொல்லைத் தொடாமல், தேடும்போது மட்டும் இரண்டு வடிவத்தையும் பார்க்கச் சொல்வதே சரி. ஸ்ரீக்கும் இதே வைத்தியம்தான், ஏனென்றால் 2005-ல் யூனிகோடில் ஶ சேர்ந்த பிறகு அதை வைத்தும் பழையபடி ஸ வைத்தும் இரண்டு விதமாக ஸ்ரீ எழுதுகிறோம்.

கேள்வி: தமிழ் வரிக்கு நடுவில் உருதுச் சொல் போட்டால் அடைப்புக்குறியும் எண்ணும் இடம் மாறுகின்றன. நான் எழுத்துகளைத் திருப்பித் தட்டிச் சரிசெய்கிறேன். தப்பா?
– வாசகர், மேல்விஷாரம்

பதில்: தப்புதான், உடனே நிறுத்துங்கள். திருப்பித் தட்டிய சொல் கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தாலும் தேடலில் அகப்படவே அகப்படாது. உருது வலமிருந்து இடம் போகிறது, அதற்குள் வருகிற எண் மட்டும் இடமிருந்து வலம், அடைப்புக்குறியோ பக்கத்து எழுத்தைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறது. சொல்லை முறைப்படி தட்டி, அதற்குத் தனியாக மொழியும் திசையும் குறிக்கிற நிரல் குறியை இரண்டு பக்கமும் போடுங்கள். குறி போட முடியாத வெறும் உரை என்றால் சொல்லைத் தனிமைப்படுத்தும் கண்ணுக்குத் தெரியாத குறியீடுகள் 2013 முதல் யூனிகோடில் உண்டு. வரி இடைவெளியையும் கூட்டுங்கள், உருதுவின் நஸ்தலீக் எழுத்து வடிவம் சரிந்து இறங்குவதால் தமிழுக்குப் போட்ட இடைவெளியில் மேலும் கீழும் வெட்டுப்படும்.

கேள்வி: கணினி அகரவரிசையில் "அன்பு" ஏன் "அப்பா"வுக்கு முன்னால் வருகிறது?
– வாசகி, ஆற்காடு

பதில்: யூனிகோடில் ன என்பது ந-வை அடுத்து, ப-வுக்கு முன்னால் இருக்கிறது. வெறும் குறியீட்டு எண்ணை வைத்து அடுக்கினால் அப்படித்தான் வரும், புள்ளி எழுத்தும் கடைசிக்குப் போய் "அம்மா"வுக்கு முன் "அமர்" நிற்கும். தமிழுக்கென்று இருக்கிற வரிசை விதியைத் தேர்ந்தெடுத்தால் இரண்டும் சரியாகும்.