கடல்மனிதன் எதைத் தின்பான்?

அன்புள்ள ஐயா,

முட்டத்தில் மீன் விற்கும் பெண்ணுக்கும் ஒரு கடல்மனிதனுக்கும் காதல் என்று குறுநாவல் எழுதினேன். "இது வெள்ளைக்காரன் சரக்கு, நம் கடற்கரையில் ஒட்டாது" என்கிறார்கள் நண்பர்கள். பிரதியை இணைத்திருக்கிறேன். கைவிட்டுவிடலாமா?

ஒரு வாசகி, குளச்சல்

அன்புள்ள வாசகிக்கு,

கைவிட வேண்டாம். நண்பர்கள் சொன்ன காரணம் செல்லாது. நீருக்கு மனித உடல்மேல் ஆசை வருவது நமக்குப் பழைய செய்தி. ஆடலில் வல்ல ஆட்டனத்தியின் அழகை விரும்பிக் காவிரி அவனை வவ்விக்கொண்டாள் என்று அகநானூற்றில் பரணர் பாடுகிறார். அவன் காதலி ஆதிமந்தி திசையெல்லாம் தேடி அலைகிறாள். மருதி என்பவள் அவனை ஆதிமந்திக்குக் காட்டிவிட்டு, தான் கடலுக்குள் போய்விடுகிறாள். (அந்த மருதிக்கே ஒரு நாவல் எழுதலாம்.)

அங்கே நீர் பெண். நீங்கள் ஆணாக்கியிருக்கிறீர்கள். ஆண்கள் கடலுக்குப் போக, பெண்கள் கரையில் காத்திருக்கும் ஊருக்கு அதுதான் பொருத்தம்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. உங்கள் நாயகன் காலண்டர் படம்போல இருக்கிறான். மார்பு பளபளக்கிறது, இலக்கணத் தமிழ் பேசுகிறான், மீன் வாடையே இல்லை. அவளோ சாளையும் நெத்திலியும் விற்கிறவள். அந்த மீன் கடவப்பெட்டியைப் பார்த்து அவனுக்கு ஒன்றுமே தோன்றாதா? அவன் எதைத்தான் தின்கிறான்? சாளை என்றால், அவள் அண்ணனின் வலைக்கும் இவன் வயிற்றுக்கும் போட்டி. கதை அங்கே கிடக்க, நீங்கள் ஒரு கிழவியின் சாபத்தைக் கொண்டுவந்து இருவரையும் பிரிக்கிறீர்கள். விசைப்படகின் இழுவலை போதாதா?

டென்மார்க்கில் ஒரு பழைய நாட்டுப்பாடல் உண்டு. ஆக்னெட்டே என்பவளின் காதையும் வாயையும் அடைத்துக் கடல்மனிதன் அடியில் கூட்டிப்போகிறான். எட்டு ஆண்டுகள், ஏழு பிள்ளைகள். ஒருநாள் தொட்டிலருகே பாடிக்கொண்டிருக்கையில் கோயில் மணி கேட்கிறது. போய்வருகிறேன் என்று கரையேறியவள் திரும்பவில்லை. அங்கே பிரிப்பது மணியோசை, அவ்வளவுதான். முட்டத்தில் அதற்கா பஞ்சம்? நம் மீனவர்கள் கோயில் கோபுரத்தையும் பின்னாலுள்ள மலையையும் சேர்த்துப் பார்த்து, கடலடியில் பார் (மீன் கூடும் பாறைத்திட்டு) கிடக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது வழக்கம். கீழே இருப்பவனுக்கு அந்தக் கோபுரம் தெரியாது, மணி மட்டும் கேட்கும். அந்த மணியை அவன் வெறுப்பானா, விரும்புவானா? நாற்பது பக்கத்தில் ஒரு வரிகூட இதைப்பற்றி இல்லை.

ஒகி புயலில் அண்ணனை அவன் காப்பாற்றும் அத்தியாயம் எனக்கு உறுத்துகிறது. 2017 நவம்பர் 30-க்குப் பிறகு உடல்கூடக் கிடைக்காத வீடுகள் நம் குமரி மாவட்டத்தில் இருக்கின்றன. ஒருவனைத் தூக்கிவந்தவன் என் வீட்டுக்காரரை ஏன் விட்டான் என்று ஒருத்தி கேட்பாள். அவளைக் கதைக்குள் வரவிட்டு, அவன் அவள் முன்னால் நிற்பான் என்றால் அத்தியாயம் இருக்கட்டும். இல்லையென்றால் எடுத்துவிடுங்கள்.

முத்தக் காட்சியில் மட்டும் கைவைக்காதீர்கள். மூச்சு முட்டி அவள் அவனைத் தள்ளிவிடுவது நன்றாக வந்திருக்கிறது. திருத்தியதும் அனுப்புங்கள், படிக்கிறேன்.