ஆப்பிள் வாங்கியதால்தான் ஷேக் மென்பொருள் செத்ததா?

கேள்வி கேட்டவர் கூடவே இன்னொன்றையும் கேட்டிருக்கிறார்: பிழைப்புக்கு நம்பியிருக்கும் மென்பொருளை ஒரு பெரிய கம்பெனி வாங்கினால் நாம் பயப்பட வேண்டுமா என்று. ஷேக்கோடு எனக்கு நாலு வருடப் பழக்கம் உண்டு. சொந்த ஊர் காரைக்குடி, அப்பா தச்சு வேலை. அதனால் பதில் கொஞ்சம் எங்கள் ஊர்த் தெருக்களைச் சுற்றிக்கொண்டுதான் வரும்.

ஷேக் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. பச்சைத் துணிக்கு முன்னால் எடுத்த நடிகர், கம்ப்யூட்டரில் செய்த கோட்டை, வேறெங்கோ எடுத்த வானம், எல்லாவற்றையும் ஒரே ஷாட்டாக ஒட்டுகிற வேலைக்குக் காம்போசிட்டிங் என்று பெயர். லேயர்களை அடுக்கி ஒட்டுவது ஒரு முறை. ஷேக்கில் அப்படி இல்லை. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சின்னப் பெட்டி, அதற்கு நோடு என்று பெயர். பச்சையை நீக்குவது ஒரு நோடு, நிறம் திருத்துவது ஒரு நோடு, ஓரத்தை மங்கலாக்குவது ஒரு நோடு. கோடு இழுத்து இணைத்துக்கொண்டே போனால் தலைகீழ் மரம் மாதிரி கீழே வளரும். டைரக்டர் வந்து “வானத்தை மட்டும் மாத்துங்க” என்றால் அந்தக் கிளையை மட்டும் தொட்டால் போதும். முந்தின ஷிஃப்டில் இருந்தவர் என்ன செய்துவிட்டுப் போனார் என்பதையும் மரத்தைப் பார்த்தே படித்துவிடலாம். இரவு ஷிஃப்டில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

இதைச் செய்தது கலிஃபோர்னியாவில் இருந்த நத்திங் ரியல் என்ற சின்னக் கம்பெனி. லார்ட் ஆஃப் த ரிங்ஸ் படங்களுக்கு வீட்டா டிஜிட்டல் என்ற கிராஃபிக்ஸ் ஸ்டூடியோ பயன்படுத்தியது இதைத்தான். 2002 பிப்ரவரியில் ஆப்பிள் அந்தக் கம்பெனியை வாங்கியது. அப்போது ஷேக் விண்டோஸ், லினக்ஸ், ஐரிக்ஸ் என்ற மூன்று ஓஎஸ்ஸிலும் (கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள்) ஓடிக்கொண்டிருந்தது. அதே வருடம் 2.5 பதிப்பு மேக்கிலும் வந்தது; விண்டோஸுக்கு அதுவே கடைசிப் பதிப்பு. விலை வைத்த விதத்தைப் பாருங்கள்: மேக்கில் 4,950 டாலர், மற்றவற்றில் 9,900. அதாவது மென்பொருளைப் பாதி விலைக்குக் கொடுத்து மேக் பெட்டியை விற்பது. ஆப்பிள் கம்ப்யூட்டர் விற்கிற கம்பெனி, அதன் கணக்கு அதற்கு.

நான் சென்னையில் ஒரு ஸ்டூடியோவில் ரோட்டோ பையனாக, அதாவது ஃபிரேம் ஃபிரேமாக உருவத்தின் ஓரத்தை வரைந்து பிரிக்கிறவனாக, சேர்ந்தது 2004இல். எங்களிடம் இருந்தது லினக்ஸ் ஷேக். அடுத்த வருடம் ஷேக் 4 வந்தது, ஆடும் காட்சியை நிலைப்படுத்தும் ஸ்மூத்கேம் எல்லாம் சேர்த்து. 2006 ஜூனில் 4.1 வந்தபோது மேக் விலையை 499 டாலராக இறக்கினார்கள். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 23,000 ரூபாய். நாங்கள் டீக்கடையில் நின்று கொண்டாடினோம், இனி வீட்டிலேயே வாங்கிப் போட்டுக் கற்றுக்கொள்ளலாம் என்று. எங்கள் சூப்பர்வைசர் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. “தம்பி, விலையைக் குறைச்சதோட இனிமே பராமரிப்பு ஒப்பந்தம் கிடையாதுங்கறான். பெரிய ஸ்டூடியோக்காரன் வேணும்னா சோர்ஸ் கோடையே காசு கொடுத்து வாங்கிக்கலாமாம். இது தள்ளுபடி இல்லடா, காலி பண்றது” என்றார்.

அந்த வாரம் ஊருக்குப் போனபோது அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் பக்கம் பிரிக்கிற வீடுகளில் நிலை கழற்றப் போகிறவர். ஒரு வீட்டுக்கு இருபது பங்காளிகள் இருப்பார்கள், ஆளுக்கொரு ஊரில். சீர் செய்யப் பணம் போட யாரும் இல்லையென்றால் ஒருநாள் விற்றுவிடுவார்கள். பர்மா தேக்குத் தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்து, அங்கிருந்து எங்கெங்கோ போகும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய வழவழப்பான சுவர் மட்டும் எங்கும் போகாது, கடப்பாரையோடு முடிந்துவிடும்.

அப்பா சொன்னார்: “வீடு பாக்க வர்றவன் குடியிருக்க வர்றானா, தூணுக்கு வர்றானான்னு வாசல்லயே தெரிஞ்சிரும்ப்பா. குடியிருக்க வர்றவன் நேரா கெணத்தப் போயி எட்டிப் பாப்பான். தூணுக்கு வர்றவன் டேப்ப எடுப்பான்.”

2007இல் ஆப்பிளின் வீடியோ எடிட்டிங் மென்பொருளான ஃபைனல் கட் ப்ரோ 6 வெளியானது. அதற்குள் ஸ்மூத்கேம் இருந்தது. தூண் வேறு வீட்டில் நிற்கிறது என்று அன்றைக்கே எனக்கு உறைத்தது. 2009 ஜூலையோடு ஷேக் விற்பனையையே நிறுத்திவிட்டார்கள்.

அப்படியானால் ஆப்பிள் கொன்றதா? பாதிதான் என்பேன். விண்டோஸை வெட்டினாலே சாவு என்று சொல்ல முடியாது. அதே 2002இல் இசை மென்பொருள் லாஜிக் செய்த எமாஜிக்கை வாங்கி, அதிலும் விண்டோஸை வெட்டினார்கள். லாஜிக் இன்றும் நன்றாகவே இருக்கிறது, ஏனென்றால் வீட்டில் பாட்டு போடுகிறவன் ஊருக்கு நூறு பேர். ஷாட் ஒட்டுகிறவன் எத்தனை பேர்? அந்தக் கொஞ்சப் பேரும் லினக்ஸில் உட்கார்ந்திருந்தால் கம்ப்யூட்டர் விற்பவனுக்கு என்ன லாபம்? இன்னொரு பக்கம் டிஜிட்டல் டொமைன் என்ற கிராஃபிக்ஸ் ஸ்டூடியோ தன் வேலைக்காகச் செய்துகொண்ட நியூக் என்ற காம்போசிட்டிங் மென்பொருளை 2007இல் ஃபவுண்ட்ரி என்ற கம்பெனி எடுத்து வளர்த்தது. மென்பொருள் விற்பதுதான் ஃபவுண்ட்ரியின் தொழில். ஷேக் ஆட்கள் மொத்தமாக நியூக்குக்குக் குடிபெயர்ந்தார்கள், நானும்தான்.

நான் அண்ணனின் பேச்சைக் கேட்டு 2008இலேயே நியூக் பழகிவிட்டேன். என் அக்கா மகனுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. விற்பனை நின்று ஒரு வருடம் ஆன பிறகும் ஒரு பயிற்சி நிலையம் அவனிடம் முழுப் பணத்தை வாங்கிக்கொண்டு ஷேக் சொல்லிக்கொடுத்தது. நோடு எப்படி யோசிக்கும் என்பதாவது படிந்ததே என்று சமாதானம் சொன்னேன், அக்கா இன்னும் சமாதானம் ஆகவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். வாங்கிய செய்தி வந்த அன்றே பயப்பட வேண்டாம். அடுத்த ஒரு வருடம் பாருங்கள். எந்த ஓஎஸ்ஸை வெட்டுகிறார்கள், பராமரிப்பு ஒப்பந்தத்தைத் தொடர்கிறார்களா, அதன் அம்சங்கள் அவர்களுடைய வேறு மென்பொருளில் முளைக்கின்றனவா? 2014இல் ஃப்யூஷன் என்ற இன்னொரு காம்போசிட்டிங் மென்பொருளை, கேமராவும் வீடியோ கருவிகளும் விற்கிற பிளாக்மேஜிக் வாங்கியபோது நான் இவற்றைத்தான் கவனித்தேன். அவர்களும் பெட்டி விற்பவர்கள்தான். ஆனால் இலவசப் பதிப்பு ஒன்றைக் கொடுத்தார்கள், பிறகு தங்கள் எடிட்டிங் மென்பொருளான ரிசால்வுக்குள்ளேயே சேர்த்தார்கள். இப்போது காரைக்குடியில் கல்யாண வீடியோவும் நகைக்கடை விளம்பரமும் அதில்தான் செய்கிறேன்.

அப்புறம், உங்கள் கோப்பு எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். ஷேக் ஸ்கிரிப்ட் வெறும் எழுத்துக் கோப்பு. போன மாதம் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கில் 2005இல் செய்த ஷாட் ஒன்று கிடைத்தது. நோட்பேடில் திறந்தேன். எந்த நோடு, என்ன எண், எதோடு எது சேர்ந்தது, எல்லாம் அப்படியே இருந்தது. அரை நாளில் ஃப்யூஷனில் மறுபடி கட்டிவிட்டேன். ஒரு நோடுக்கு நான் வைத்திருந்த பெயர் ‘அண்ணன்_திட்டுவார்’.