அரைஞாண் கயிற்றுக்கு அடியில்

குழந்தைகளின் தொற்றுநோய்கள் பற்றிய உங்கள் கேள்விகளுக்குக் கும்பகோணத்திலிருந்து டாக்டரம்மா பதில் சொல்கிறார்.

கேள்வி: என் பையனுக்கு 7 வயது. எட்டு நாளாகக் காய்ச்சல் விடவில்லை. உள்ளூரில் ஊசி போட்டும் கேட்காமல், தொற்றுநோய் டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் சட்டை, டவுசர் எல்லாவற்றையும் கழற்றச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். உண்ணிக் காய்ச்சல் என்று மருந்து கொடுத்தார், இரண்டே நாளில் சரியாகிவிட்டது. எங்கள் வீட்டில் மாடும் இல்லை, நாயும் இல்லை. உண்ணி எங்கிருந்து வந்தது?
*– வாசகி, நீடாமங்கலம்*

பதில்: பெயரால் வந்த குழப்பம் அம்மா இது. மாட்டின் மேல் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடித்து மொச்சைக்கொட்டை மாதிரி உப்பியிருக்குமே, அந்த உண்ணி வேறு. இதைப் பரப்புவது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு சின்னப் பூச்சியின் குஞ்சு. புல்லும் புதரும் எலி வளையும் இருக்கிற இடத்தில் அது இருக்கும். வாய்க்கால் கரை, வரப்பு, களத்துமேடு, வீட்டுக் கொல்லை என்று நம் பிள்ளைகள் விளையாடாத இடமா? கடித்து ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் காய்ச்சல் வரும் என்பதால், எங்கே கடித்தது என்று யாருக்கும் நினைவிருக்காது. கிருமியின் பெயர் ஓரியன்ஷியா சுட்சுகமுஷி. ‘முஷி’ என்றால் ஜப்பானிய மொழியில் பூச்சி. வாய்க்குள் நுழையாத இந்தப் பெயரை மெடிக்கல் ஸ்டோர் தம்பியிடம் சொல்லிப் பார்க்க வேண்டாம்!

டார்ச் அடித்துத் தேடியது கடித்த இடத்தை. அது சம்பந்தமாக நான் கோட்டை விட்ட கதை ஒன்றைச் சொல்கிறேன். பல வருஷம் முன்னால், ஐப்பசி அடைமழை ஓய்ந்த சமயம். ஆறாம் நாள் காய்ச்சலோடு ஒரு பையனைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அக்குள், காதுமடலுக்குப் பின்னால், தொடையிடுக்கு, தலைமுடிக்குள் எல்லாம் பார்த்தேன். ‘புண் எதுவும் இல்லை’ என்று கேஸ் ஷீட்டில் எழுதியும் வைத்தேன். மறுநாள் காலை ரவுண்ட்ஸ் போனால் அந்தப் பையனின் அப்பாயி கையைப் பிடித்துக்கொண்டார். “டாக்டரம்மா, ஈரத்துணியால தொடைச்சு விடறப்ப பாத்தேன். கயித்துக்கு அடியில சிகரெட்டால சுட்ட மாதிரி இருக்கு. எங்க வீட்டுல யாரும் புள்ளைய சுடலைங்க” என்றார். கறுப்பு அரைஞாண் கயிறு, அதில் ஒரு தாயத்து. தாயத்துக்கு நேர் கீழே மிளகளவு கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம். வலிக்காது, அரிக்காது, அதனால் பையனும் சொல்லவில்லை. நான் எழுதியதை நானே அடித்துத் திருத்தினேன்.

அதற்குப் பிறகு கயிற்றை நகர்த்தாமல் எந்தக் குழந்தையையும் நான் பார்ப்பதில்லை. அவிழ்க்கச் சொன்னால் சில வீடுகளில் முகம் சுளிப்பார்கள். நகர்த்தினால் போதும்.

எல்லாக் குழந்தைக்கும் இந்தப் பொருக்கு இருக்காது. ஆரம்ப நாட்களில் ரத்தப் பரிசோதனையும் ‘இல்லை’ என்று காட்டலாம். அதனால்தான் எங்கே விளையாடினான், யாரோடு புல்லறுக்கப் போனான் என்று வக்கீல் மாதிரி குடைகிறோம். காய்ச்சல் என்றதும் போடுகிற செஃப்ட்ரியாக்சோன் ஊசி இதற்குக் கேட்காது. டாக்சிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் வேண்டும். டாக்சிசைக்ளின் சாப்பிட்டால் பல் மஞ்சளாகும் என்பது பழைய பயம். சில நாள் கொடுப்பதால் அப்படி ஆவதில்லை. தாமதித்தால் நுரையீரல், மூளை, சிறுநீரகம் வரை பாதிக்கும். சரியான நேரத்தில் அனுப்பிய உங்கள் உள்ளூர் டாக்டருக்கும் ஒரு நன்றி சொல்லுங்கள்.

கேள்வி: காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே வைடால் டெஸ்ட் எடுத்து, டைபாய்டு என்று மருந்து தந்தார்கள். போன வருஷமும் இதே கதைதான். என் மகளுக்கு வருஷா வருஷம் டைபாய்டு வருமா?
*– வாசகர், மயிலாடுதுறை*

பதில்: எனக்கும் சந்தேகமாகத்தான் இருக்கிறது. வைடால் கிருமியைத் தேடுவதில்லை, உடம்பு தயாரித்த எதிர்ப்பொருளைத்தான் தேடுகிறது. அது உருவாகவே ஒரு வாரம் பிடிக்கும். முன்பு எப்போதோ வந்துபோன தொற்றின் மிச்சமும் பாசிட்டிவ் காட்டும், வேறு காய்ச்சலிலும் காட்டும். ஒரே ஒரு வைடாலை நம்பி நான் மருந்து எழுதுவதில்லை. டைபாய்டு என்று சந்தேகம் வந்தால், ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கும் முன்பே பிளட் கல்ச்சர், அதாவது ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை, எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகலாம். ஆனால் கிருமி எது, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று இரண்டும் தெரியும். மருந்து உள்ளே போன பிறகு எடுத்தால் கிருமி வளராமல் போகலாம்.

அந்த இரண்டு மூன்று நாள் காத்திருக்கத்தான் நமக்கு மனசு வருவதில்லை. “ஊசி போடலியா டாக்டர்?” என்ற கேள்வி என் காதில் விழாத நாள் இல்லை. ஆனால் மூன்று மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு மணி நேரம்கூட வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். வலிப்பு, மூச்சிரைப்பு, விடாத வாந்தி, எழுப்பினாலும் கண் திறக்காத சோர்வு இருந்தால் எந்த வயதானாலும் அப்படித்தான்.

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கிறேன். உங்களை மாதிரி ஆக வேண்டும். என்ன படிக்க வேண்டும், என்ன வேலை இருக்கும்?
*– மாணவி, வேதாரண்யம்*

பதில்: நீட் எழுதி எம்.பி.பி.எஸ்., பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை வருஷம். குழந்தை மருத்துவத்தில் எம்.டி. மூன்று வருஷம். அதற்கு மேல் தொற்றுநோய்க்கென்று தனிப்பயிற்சி. கல்யாணப் பேச்சு எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கை இப்போதே சொல்லி வைத்துவிடு.

வேலை? மற்ற டாக்டர்கள் போன் பண்ணி “இந்தக் கல்ச்சர் ரிப்போர்ட்டைக் கொஞ்சம் பாருங்களேன்” என்பார்கள். பாதி நாள் மருந்தை நிறுத்தச் சொல்வதுதான் என் பதில். காசநோய் சந்தேகம் உள்ள சின்னக் குழந்தைக்குச் சளியைத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். விடிகாலையில் வெறும் வயிற்றில், மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு இரைப்பை நீரை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அது வீறிட்டு அழும், அம்மாவும் அழுவாள். கை நடுங்காமல் செய்யப் பழக வேண்டும். எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது.