பில்லருக்குப் புட்டு மாவுப் பதம் ஆகாது

கேள்வி: தண்ணீர் குறைந்தால் கான்கிரீட்டுக்குப் பலம் கூடும் என்று படித்துவிட்டு, மேஸ்திரியோடு மல்லுக்கட்டிக் கெட்டியாகக் கலக்க வைத்தேன். பலகையைப் பிரித்தால் பில்லர் அடியில் ஜல்லி பல்லிளிக்கிறது. பேவர் பிளாக்கை இதைவிட வறட்டுக் கலவையில்தானே செய்கிறார்கள்?

பதில்: நீங்கள் படித்தது சரிதான். சிமென்ட் எடைக்குத் தண்ணீர் எவ்வளவு என்ற விகிதம் குறையக் குறையப் பலம் ஏறும் என்று அமெரிக்கக் கான்கிரீட் ஆய்வாளர் டஃப் ஏப்ரம்ஸ் 1918-லேயே சொல்லிவிட்டார். ஆனால் கலவை இடைவெளியின்றிப் படிந்தால்தான் அந்த விதி செல்லும்.

50 கிலோ மூட்டை சிமென்ட் முழுதும் வினைபுரிய, வேதிப் பிணைப்புக்குச் சுமார் 11.5 லிட்டர் தண்ணீர் போகும். உண்டாகும் பசையின் நுண்துளைகள் இன்னும் ஒன்பது, பத்து லிட்டரைப் பிடித்துக்கொள்ளும். 21 லிட்டருக்கு மேல் ஊற்றுவது கலவை இளகி ஓடுவதற்குத்தான். காய்ந்தபின் அந்த இடம் ஓட்டை. குறைத்து ஊற்றினால் கொஞ்சம் சிமென்ட் வினைபுரியாமல் உள்ளேயே கிடக்கும், அதனால் பெரிய கெடுதல் இல்லை. கெடுப்பது காற்று. 5 சதவீதம் இடைவெளி நின்றாலே பலத்தில் சுமார் 30 சதவீதம் போய்விடும்.

பேவர் பிளாக் கலவை புட்டு மாவு மாதிரி: பிடித்தால் பிடிபடும், உதிர்த்தால் உதிரும். அதை இயந்திரம் அதிரவைத்து அமுக்குகிறது. பில்லரில் கம்பிகளுக்கு நடுவே அப்படி அமுக்க ஏது வழி? கம்பியால் குத்தினால் போதாது, கலவைக்குள் விட்டு அதிரவைக்கும் நீடில் வைப்ரேட்டர் வேண்டும்.

மூட்டைக்கு 22 முதல் 25 லிட்டர் வையுங்கள், கடலோரமானால் 22.5-ஐத் தாண்ட வேண்டாம். எம்-சாண்ட் ஈரத்தையும் இதில் கழிக்க வேண்டும். 100 கிலோ மணலில் 5 சதவீத ஈரம் என்றால் அதுவே 5 லிட்டர். (பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான்.) இவ்வளவு குறைந்த தண்ணீரில் கலவை ஓடாது என்பார் மேஸ்திரி. அவர் சொல்வது நியாயம். அதற்குத்தான் சூப்பர் பிளாஸ்டிசைசர் என்ற ரசாயனம்: திரண்டு நிற்கும் சிமென்ட் துகள்களைப் பிரித்து, நடுவே சிக்கிய தண்ணீரை விடுவிக்கும்.

ஈரம் காய்ந்துபோனால் கான்கிரீட் சுருங்கும். பலகை பிரித்ததும் ஈரச்சாக்கு சுற்றுங்கள், பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமென்ட் என்றால் குறைந்தது 10 நாள்.

இப்போதுள்ள பில்லரைப் பூசி மறைத்துவிடாதீர்கள். பொறியாளரை வைத்துச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். உதிர்வதை எல்லாம் கொத்தியெடுத்து, சுருங்காத வகைக் கிரவுட் (சிமென்ட் கூழ்) நிரப்பலாம். கம்பி வெளியே தெரிந்தால், அவர் சரி என்னும்வரை மேலே பாரம் ஏற்ற வேண்டாம்.