பம்ப்பை மாற்றும் முன் கேஜை மாட்டுங்கள்
வண்டி கேள்வி பதில்

கேள்வி: சார், என்னிடம் 1983 மாடல் பென்ஸ் 230இ இருக்கிறது, டபிள்யூ123 பாடி. பெரியப்பா குவைத்திலிருந்து திரும்பியபோது கொண்டுவந்த வண்டி. காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது, ஓட்டத்திலும் குறை இல்லை. ஆனால் வழியில் நிறுத்தி, டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் கிளம்புவதே இல்லை. செல்ஃப் அடித்து அடித்து பேட்டரிதான் இறங்குகிறது. ஒரு மணி நேரம் விட்டால் தானாகச் சரியாகிவிடுகிறது. மெக்கானிக் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், பிளக் எல்லாம் மாற்றிவிட்டார், பணம் போனதுதான் மிச்சம். இப்போது இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பங்கிடும் ஃப்யூவல் டிஸ்ட்ரிப்யூட்டரையே மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றலாமா?
– வாசகர், கோவை

பதில்: வேண்டாம், நிறுத்தச் சொல்லுங்கள். இவ்வளவு மாற்றியும் யாராவது ஒரு தடவை பிரஷர் கேஜ் (பெட்ரோல் அழுத்தத்தை முள்ளில் காட்டும் கருவி) மாட்டிப் பார்த்தார்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. பார்த்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

உங்கள் வண்டியில் இருப்பது பாஷ் நிறுவனத்தின் கே-ஜெட்ரானிக். 1973இல் வந்த பெட்ரோல் இன்ஜெக்ஷன் சிஸ்டம், இன்றைய எம்பிஎஃப்ஐ மாதிரி கம்ப்யூட்டர் சொல்லி இன்ஜெக்டர் திறந்து மூடுகிற கதை இதில் கிடையாது. எஞ்சின் ஓடுகிறவரை இன்ஜெக்டர்கள் பெட்ரோலை விடாமல் தெளித்துக்கொண்டே இருக்கும், எவ்வளவு தெளிப்பது என்பதை உள்ளே போகும் காற்றும் பெட்ரோல் பிரஷரும்தான் முடிவு செய்கின்றன. அதனால் இதில் பிரஷர் என்று பொதுவாகச் சொன்னால் போதாது, மூன்று பிரஷர் இருக்கிறது. ஒன்று சிஸ்டம் பிரஷர், 5 பாருக்குச் சற்று மேலே (பார் என்பது அழுத்தத்தின் அளவு). இன்னொன்று கன்ட்ரோல் பிரஷர், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது குறைவாக இருந்து, சூடானதும் 3.5 பார் பக்கம் ஏறி நிற்கும். மூன்றாவது எஞ்சினை அணைத்த பிறகு லைனில் தங்கி நிற்கிற பிரஷர். உங்கள் வண்டி சொல்கிற அடையாளம் எல்லாம் இந்த மூன்றாவதைத்தான் காட்டுகிறது.

எஞ்சினை அணைத்ததும் பானட்டுக்குள் சூடு குறையாது, முதல் இருபது நிமிடம் ஏறத்தான் செய்யும். அப்போது லைனில் 2, 2.5 பாராவது நின்றால் பெட்ரோல் கொதிக்காமல் திரவமாகவே இருக்கும். பிரஷர் பூஜ்யத்துக்கு இறங்கிவிட்டால் உள்ளே ஆவிதான், நீங்கள் செல்ஃப் அடிக்கும்போது இன்ஜெக்டருக்குப் போவது அந்த ஆவிதான். ஒரு மணி நேரத்தில் எஞ்சின் ஆறியதும் வண்டி கிளம்பிவிடுகிறது, மெக்கானிக்கிடம் கொண்டுபோகும்போது ஒரு கோளாறும் தெரிவதில்லை.

சரி, எப்படிப் பார்ப்பது? 10 பார் வரை காட்டும் கேஜ் வேண்டும், கூடவே அடைத்துத் திறக்கிற வால்வும். ஃப்யூவல் டிஸ்ட்ரிப்யூட்டருக்கும், எஞ்சின் சூட்டுக்கு ஏற்ப கன்ட்ரோல் பிரஷரை மாற்றுகிற வார்ம்-அப் ரெகுலேட்டருக்கும் நடுவில் இதை மாட்ட வேண்டும். வால்வு அடைத்திருந்தால் சிஸ்டம் பிரஷர், திறந்திருந்தால் கன்ட்ரோல் பிரஷர். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி அணைத்துவிட்டு அரை மணி நேரம் முள்ளையே கவனியுங்கள். சட்டென்று விழுந்தால் எங்கோ கசிகிறது, அந்த இடத்தைத் தேட ஒரு ஹோஸ் கிளாம்ப் போதும். அணைத்த உடனே டேங்குக்கும் பம்ப்புக்கும் நடுவிலுள்ள ரப்பர் ஹோஸை நெரித்துப் பிடியுங்கள். முள் நின்றுவிட்டால் பெட்ரோல் திரும்பி ஓடாமல் தடுக்கிற, பம்ப்பின் செக் வால்வு போயிருக்கிறது. டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் ஹோஸை நெரித்தால் நிற்கிறதா? டிஸ்ட்ரிப்யூட்டரில் இருக்கும் பிரஷர் ரெகுலேட்டரின் ஓ-ரிங். அதற்காக முழு டிஸ்ட்ரிப்யூட்டரை வாங்க வேண்டியதில்லை, ஓ-ரிங் விலை உங்களுக்கே தெரியும். அணைத்த பிறகு பிரஷரைப் பிடித்துவைக்கிற அக்குமுலேட்டரின் பின்பக்கத்துச் சின்ன ஹோஸை நெரித்தால் நிற்கிறது என்றால் உள்ளே டயஃப்ரம் (சவ்வு) கிழிந்திருக்கிறது. இது மூன்றும் இல்லையென்றால் குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் தெளிக்கிற கோல்டு ஸ்டார்ட் வால்வைக் கழற்றி, முனையைத் துடைத்துவிட்டுப் பாருங்கள், சொட்டு கட்டுகிறதா என்று.

எனக்கு முதல் சந்தேகம் எங்கே தெரியுமா? மாற்றிய அந்தப் புதுப் பம்ப்பில்தான். இந்த மாடல் பம்ப்பில் செக் வால்வு தனியாகத் திருகி மாட்டுகிற பாகம். பல புதுப் பம்ப்புகள் அது இல்லாமலே வரும், அப்போது பழைய வால்வையே எடுத்து மாட்டிவிடுவார்கள், பழைய செம்பு வாஷரோடு சேர்த்து. பின் வலது பக்கம் வண்டிக்கு அடியில் பிளாஸ்டிக் கவரைக் கழற்றினால் பம்ப், அக்குமுலேட்டர், ஃபில்டர் மூன்றும் பக்கத்து பக்கத்தில் இருக்கும். பார்த்த உடனே தெரிந்துவிடும், பம்ப் மட்டும் பளபளவென்று, அதன் வாயில் இருக்கும் வால்வு கறுத்துப்போய் இருந்தால் பதில் அங்கேதான்.

ஒன்று மறக்க வேண்டாம். இது 5 பார் பெட்ரோல், கார்புரேட்டர் லைன் மாதிரி அசால்ட்டாக ஜாயிண்டைக் கழற்றினால் முகத்தில் பீய்ச்சும். எஞ்சின் ஆறட்டும், பேட்டரி எர்த்தைக் கழற்றுங்கள், ஜாயிண்டைத் துணியால் சுற்றிக்கொண்டு மெதுவாகத் தளர்த்துங்கள், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

கேள்வி: 2001 மாருதி எஸ்டீம் எம்பிஎஃப்ஐ வைத்திருக்கிறேன். ஊருக்குள் பிரச்சினை இல்லை. ஏற்காடு ஏறும்போது நாலு பேரோடு ஏசியும் போட்டால் வண்டி இழுக்காமல் குலுங்குகிறது. பிரஷர் பார்த்தேன், வண்டி நின்றபடி ஐடிலில் ஓடும்போது சரியாக இருக்கிறது. அப்படியானால் பெட்ரோல் சிஸ்டம் நல்லதுதானே?
– வாசகி, சேலம்

பதில்: கேஜ் மாட்டிப் பார்த்தீர்களே, அதுவே பெரிய விஷயம். ஆனால் ஐடிலில் எஞ்சின் குடிப்பது கொஞ்சம், பாதி அடைத்த ஃபில்டரும் அதைக் கொடுத்துவிடும். மலையேறும்போதுதான் அளவு பற்றாமல் போகும். கேஜைப் பாதுகாப்பாகக் கட்டிவைத்து, பக்கத்தில் ஒருவரைப் பார்க்கச் சொல்லிவிட்டு லோடில் ஓட்டுங்கள். இந்த வண்டியில் எஞ்சின் ஓடாமல் பம்ப் மட்டும் ஓடினால் சுமார் 3 பார், ஐடிலில் அதைவிட அரை பார் போலக் குறைவு. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முள் ஏற வேண்டும், இறங்கினால் கோளாறு பிடிபட்டுவிட்டது. ஃபில்டர், டேங்குக்குள் இருக்கும் வலை, அப்புறம் பம்ப் என்று அந்த வரிசையில் போங்கள்.

அதற்கு முன் இரண்டு இலவச சோதனை. ஐடிலில் பெட்ரோல் பிரஷர் ரெகுலேட்டரின் வேக்கம் ஹோஸைப் பிடுங்குங்கள், முள் அரை பார் அளவுக்கு எழ வேண்டும். அந்த ஹோஸுக்குள் பெட்ரோல் ஈரம் இருந்தால் டயஃப்ரம் கிழிந்துவிட்டது, ரெகுலேட்டரை மாற்றுங்கள். அடுத்து, பம்ப் ஓடும்போதே அதன் கனெக்டரில் வோல்ட் பாருங்கள். பேட்டரியில் 13.5 இருந்து பம்ப்பில் 11 வந்தால் பம்ப்பைத் திட்டிப் பயனில்லை, துருப்பிடித்த எர்த்தையும் ரிலேயையும் பாருங்கள். இத்தனை வருட வண்டியில் இதுதான் அதிகம்.

கேள்வி: பழைய இன்ஜெக்ஷன் வண்டிக்கு இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல் போட்டால் ஹோஸ் போய்விடும் என்கிறார்கள், உண்மையா?
– வாசகர், மதுரை

பதில்: முதலில் பயப்பட வேண்டியது எஞ்சினுக்கு அல்ல, ரப்பருக்கு. 2023 ஏப்ரலுக்கு முன் வந்த வண்டிகளின் ரப்பர், இ20க்கென்று செய்ததாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அதுவும் இருபது முப்பது வருட ஹோஸ் என்றால் எந்தப் பெட்ரோல் போட்டாலும் மாற்ற வேண்டியதுதான். வாங்கும்போது ஹோஸ் மேல் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். எஸ்ஏஇ ஜே30ஆர்7 என்ற தர எண் என்றால் கார்புரேட்டருக்கு, இன்ஜெக்ஷன் பிரஷருக்கு ஆர்9 வேண்டும். டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கும் அந்தச் சின்னத் துண்டுக்கு மட்டும் ஆர்10, ஏனென்றால் ஆர்9இன் வெளித்தோல் மூழ்கிக் கிடக்கத் தாங்காது, கரைந்து ஃபில்டருக்குப் போகும். அந்தத் துண்டு விலை கூடுதல், கடைக்காரர் "இதுவும் அதுவும் ஒண்ணுதான் சார்" என்பார். ஆர்10 என்று அச்சடித்திருப்பதைக் கண்ணால் பார்க்காமல் வாங்காதீர்கள்.