ஆட்டோ ஸ்டார்ட்டர், கேமரா, வேலி: தோட்டத்துக் கேள்விகளுக்குப் பதில்

பல்லடம்: பத்துத் தோட்டத்துக்கு ஒரே டிரான்ஸ்பார்மர். எல்லாரும் மொபைல் ஆட்டோ ஸ்டார்ட்டர் (கரண்டு வந்ததும் மோட்டாரைத் தானாக் கிளப்பற, போன்லயும் போடற பெட்டி) மாட்டின பொறகு, மூணு பேஸ் கரண்டு வந்ததும் பீஸ் போயிருது. ஏனுங்க?

முன்னெல்லாம் ஆளாளுக்கு நடந்து போய்ப் பச்சைப் பட்டனை அமுத்துவாங்க. அந்த நடைதான் இடைவெளி. இப்பப் பத்துப் பெட்டியும் ஒண்ணாக் கிளம்புது. ஓடும்போது 8 ஆம்பியர் இழுக்கற 5 எச்.பி. மோட்டார், டிஓஎல் ஸ்டார்ட்டர்ல (மோட்டாருக்கு நேரா முழுக் கரண்டு குடுக்கறது) கிளம்பறப்ப 40, 50 இழுக்கும். பத்தும் சேர்ந்தா வோல்டேஜ் படுத்துரும். படுத்தா வேகம் புடிக்க நேரமாகும், அதுவரைக்கும் அதே ஆம்பியர்தான். டிரிப் ஆனாலும் ஆட்டோ மறுபடி எல்லாத்தையும் ஒண்ணா எழுப்பும். கம்பெனி வெச்ச ஆன் டைமை, அதாவது கரண்டு வந்து எத்தனை நொடி கழிச்சுக் கிளம்போணும்ங்கற அளவை, யாருமே மாத்தாததுதான் காரணம். உக்காந்து பேசி மொறை போட்டுக்கோங்க: மொதத் தோட்டம் 30 நொடி, அடுத்தது 60, அப்புறம் 90, பத்தாவது 300. பெட்டி மூடியில மார்க்கர்ல எழுதி வைங்க.

இன்னொண்ணு. மோட்டாரைத் தொடறதுக்கு முன்னால மெயினை அணைச்சு, பீஸ் கட்டையை உருவிச் சட்டைப் பையில போட்டுக்கோங்க. வீட்டுல இருக்கறவங்க போன்லயே ஆன் பண்ணிருவாங்க.

காங்கேயம்: எந்தக் கம்பெனி நல்லதுங்க?

உங்க ஊர்ல ரிப்பேருக்கு ஆள் இருக்கற கம்பெனி.

அவிநாசி: போர்ல தண்ணி வத்தினா தானா நிக்கோணும். டிரை ரன் (தண்ணியில்லாம ஓடினா நிறுத்தற ஆம்பியர் அளவு) எவ்வளவு வைக்கறது?

முழுத் தண்ணி வர்றப்ப ஆம்பியரைப் பாருங்க. 8 காட்டினா 6 பக்கம் வைங்க. தண்ணி கொறைஞ்சா பாரம் கொறையும், ஆம்பியரும் எறங்கும். மறுபடி கிளம்பற நேரத்தைப் பத்து நிமிசம்னு வெச்சா, ஊறாத போர்ல நின்னு நின்னு கிளம்பிக் காயில் வெந்துரும். ஊற ரெண்டு மணி நேரம் ஆனா ரெண்டு மணி நேரமே வைங்க.

தாராபுரம்: ராத்திரி பாம்புக்கு நடுவுல யாருங்க போறது? ஆட்டோவைக் கொறை சொல்லாதீங்க.

அந்த நடை மிச்சமானது பெரிய விசயந்தானுங்க. ஆனா சொட்டுநீர்க் குழாய் புட்டுக்கிட்டாலும் விடிய விடிய ஓடுது, பாக்க ஆளில்லை. ஓடற நேரத்துக்கும் டைமர் வைங்க.

தாராபுரம்: கரண்டு இலவசம், போர் என்னுது. யாருக்கு நட்டம்?

உங்களுக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும். நம்மூர்ல தண்ணி பாறை வெடிப்புல நிக்குது. ரெண்டு போரும் ஒரே வெடிப்புல உறிஞ்சலாம். நீராவி எஞ்சின் கொஞ்சம் கரியில நல்லா ஓட ஆரம்பிச்சதும் இங்கிலாந்துல கரிச் செலவு கூடிருச்சுன்னு 1865லயே ஜெவன்ஸ்ங்கற இங்கிலாந்துப் பொருளாதார அறிஞர் எழுதினாரு. சுலபமானா அதிகமா ஓட்டுவோம். நம்ம போர்லயும் அதேதான் நடக்குது.

பொள்ளாச்சி: ஆட்டோ மாட்டினதுல இருந்து பீஸ் போகுதுங்க.

பல்லடத்துக்காரருக்குச் சொன்னதேதான். மேல படிங்க. பீஸ் கட்டை பையில இருக்கோணும்.

கோபி: தோட்டத்து வீட்டுக்குக் கேமரா மாட்டலாங்களா?

மாட்டுங்க. பெட்டியோட வந்த பாஸ்வேர்டை அன்னைக்கே மாத்திருங்க. 2016ல மிராய்ங்கற வைரஸ், கம்பெனி பாஸ்வேர்டு அறுபதுக்கு மேல வெச்சுக்கிட்டு ஊர் உலகத்துக் கேமராக்குள்ள பூந்தது. காவலுக்கு மாட்டின கேமராக்களை வெச்சே அக்டோபர் 21ஆம் தேதி பெரிய வெப்சைட்டுகளை முடக்கினாங்க. ரூட்டர்ல போர்ட் பார்வர்டிங், யூபிஎன்பின்னு ரெண்டு இருக்கும், வெளியாள் இன்டர்நெட்ல இருந்து கேமராவுக்கு நேரா வர வழி தொறக்கறது அதுக. ரெண்டையும் அணைச்சு வைங்க.

தாளவாடி: பன்னிக்கு வேலிக் கம்பியில நேரா லைன் குடுக்கலாங்களா?

கூடவே கூடாது. யானையும் சாகும், விடியக்காலம் தண்ணி பாய்ச்ச வர்ற மனுசனும் சாவான். சோலார் வேலிப் பெட்டி நொடிக்கு ஒருக்கா ஒரு சின்ன அடி அடிச்சுட்டு விட்டுரும், தொட்டது வெலகிக்க நேரம் இருக்கும். லைன் கரண்டு தொட்டதை விடாது.