சவ்வூடு பரவல்: செல் எப்போது வீங்கும், எப்போது சுருங்கும்? (கேள்வி பதில்)

சவ்வூடு பரவல், அதாவது செல்லின் சவ்வு வழியாகத் தண்ணீர் உள்ளே போவதும் வெளியே வருவதும் பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: உயர் செறிவு, குறை செறிவு, சம செறிவு, இந்த மூன்றையும் தேர்வில் மாற்றி எழுதிவிடுகிறேன். நினைவில் வைக்க வழி உண்டா சார்?

மனப்பாடம் செய்வதால்தான் குழப்பமே. இவை ஒரு கரைசலின் நிரந்தரக் குணம் இல்லை, செல்லுக்கு உள்ளே இருப்பதோடு வெளியே இருப்பதை ஒப்பிட்டுச் சொல்வது. கடல்நீர் நம் ரத்தச் சிவப்பணுவுக்கு உயர் செறிவு, ஆனால் அதிலேயே வாழும் நட்சத்திர மீனின் செல்லுக்குக் கிட்டத்தட்ட சம செறிவு. அதனால் முதலில் “யாருக்கு?” என்று கேளுங்கள். அப்புறம் ஒன்றே ஒன்றுதான்: சவ்வைத் தாண்ட முடியாத கரைபொருள் எந்தப் பக்கம் அதிகமோ, அந்தப் பக்கம் தண்ணீர் போகும். வெளியே அதிகம் என்றால் (உயர் செறிவு) செல் சுருங்கும், உள்ளே அதிகம் என்றால் (வெளியே குறை செறிவு) வீங்கும், இரண்டும் சமம் என்றால் சம செறிவு.

கேள்வி: சம செறிவில் தண்ணீர் நகராமல் நின்றுவிடுமா?

நிற்காது. உள்ளே போவதும் வெளியே வருவதும் ஒரே அளவு, அதனால் செல்லின் அளவு மாறுவதில்லை, அவ்வளவுதான். சிவப்பணுச் சவ்வில் தண்ணீருக்கென்றே அக்வாபோரின் என்ற புரத வாயில்கள் இருக்கின்றன. அதைக் கண்டறிந்ததற்காக பீட்டர் அக்ரேவுக்கு 2003இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

கேள்வி: மருத்துவமனையில் ஏற்றும் சலைன் 0.9 சதவீதம், குளுக்கோஸ் 5 சதவீதம். இரண்டும் ரத்தத்துக்குச் சம செறிவு என்கிறார்கள். எப்படி?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. தண்ணீர் எடையைப் பார்ப்பதில்லை, துகள்களின் எண்ணிக்கையைத்தான் பார்க்கிறது. ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு கரைந்தால் ஒவ்வொரு அலகும் சோடியம், குளோரைடு என்று இரண்டாகப் பிரிகிறது. குளுக்கோஸ் மூலக்கூறு பெரியது, பிரிவதும் இல்லை, எனவே கிட்டத்தட்ட அதே எண்ணிக்கை வர 50 கிராம் வேண்டியிருக்கிறது. ஆனால் உடலுக்குள் போனதும் குளுக்கோஸை செல்கள் எடுத்துப் பயன்படுத்திவிடுகின்றன, மிஞ்சுவது வெறும் தண்ணீர். பாட்டிலில் இருக்கும்போது சம செறிவு, போகப்போகக் குறை செறிவு. எதை எவ்வளவு ஏற்றுவது என்று மருத்துவர்கள் அவ்வளவு கவனமாகப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: அப்படியென்றால் துகள் எண்ணிக்கை சமமாக இருந்தால் எந்தக் கரைசலிலும் செல்லுக்கு ஆபத்து இல்லை, சரிதானே?

இல்லை! இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். 1.8 சதவீத யூரியா கரைசலில் துகள் எண்ணிக்கை ஏறக்குறைய ரத்தத்தின் அளவுதான். ஆனால் அதில் சிவப்பணுக்களைப் போட்டால் உடைந்துவிடும், ஏனென்றால் யூரியா சவ்வைச் சுலபமாகத் தாண்டி உள்ளே போகிறது, பின்னாலேயே தண்ணீரும் போகிறது. ஆய்வகத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முதலில் சோதனைக் குழாய் கலங்கலாக இருக்கும், பின்னால் அச்செழுத்துத் தாளை வைத்தால் ஒன்றும் தெரியாது. அணுக்கள் உடைந்ததும் கரைசல் தெளிந்த சிவப்பாகி எழுத்துகளைப் படிக்க முடியும். எவ்வளவு கரைந்திருக்கிறது என்பது பாதிக் கேள்விதான், அது சவ்வைத் தாண்டுமா என்பது மீதி.

கேள்வி: உப்பைக் கொஞ்சம் குறைத்தாலே சிவப்பணு வெடித்துவிடுமா?

உடனே இல்லை. அதன் தட்டையான, நடுவில் குழிந்த வடிவம் வீங்க இடம் தருகிறது. உருண்டையாகும்வரை தாங்கும், அதற்கு மேல் சவ்வு நீளாது. உப்பு 0.5 சதவீதத்துக்குப் பக்கத்தில் வரும்போது உடையத் தொடங்கும், 0.3க்கு வந்தால் அநேகமாக எல்லாமே போய்விடும்.

கேள்வி: தாவரச் செல் ஏன் வெடிப்பதில்லை? பிளாஸ்மா சிதைவில் சுவருக்கும் சவ்வுக்கும் நடுவே இருப்பது காற்றா?

செல்சுவர் தடுக்கிறது. தண்ணீர் புகப்புக சுவர் எதிர்த்து அழுத்தும், அந்த விறைப்பழுத்தத்தால்தான் இளந்தண்டும் இலையும் நிமிர்ந்து நிற்கின்றன. உயர் செறிவில் வைத்தால் சவ்வு சுருங்கிச் சுவரை விட்டு விலகும், இதுதான் பிளாஸ்மா சிதைவு. நடுவில் இருப்பது காற்று இல்லை, வெளியே இருக்கும் அதே கரைசல்தான், ஏனென்றால் சுவர் அதைத் தடுப்பதில்லை. ஊதா வெங்காயத்தின் தோலை உப்புநீரில் வைத்து நுண்ணோக்கியில் பாருங்கள்: ஊதா நிறம் மூலைகளிலிருந்து விலகி நடுவில் திரளும். செல் உயிரோடு இருந்தால், நல்ல தண்ணீரை விட்டதும் நிறம் மறுபடி சுவர்வரை பரவும். செத்த செல் திரும்பாது.

கேள்வி: தண்ணீரில் ஊறினால் விரல் சுருங்குவதும் இதனால்தானா அண்ணா?

இல்லை. நரம்பு அறுந்த விரல் எவ்வளவு ஊறினாலும் அப்படிச் சுருங்குவதில்லை. அது நரம்புகள் விரல்நுனி ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் வருவது.